சின்ஸா, ஃபாரா?

ஓசூர் கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போகும் நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் பலர் ‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்கிறார்கள். திறமையுள்ள பிள்ளைகள் இந்த ஒரு சொல்லில் தடுமாறுவது எனக்கு வருத்தம்தான். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்’ என்பதே சரி.

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘இரண்டு வருஷமாக’ என்று வந்தால் ஃபார். ‘2004-லிருந்து’ என்று வந்தால் சின்ஸ். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். ஆகவே ‘கிருஷ்ணகிரி ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2004’. அதையே ‘ஃபார் மோர் தேன் ட்வென்டி இயர்ஸ்’ என்றும் சொல்லலாம். இரண்டிலும் ‘ஹேஸ் பீன்’தான், ‘இஸ்’ கூடாது.

அப்புறம், ‘ஐ வில் ஸ்டே ஃபார் டூ டேஸ்’ என்று இனி வரும் நாட்களுக்கும் ஃபார் பொருந்தும். அங்கே சின்ஸ் வராது.