கைபேசியா, தனிக் கருவியா, வண்டியோடு வரும் திரையா? டெலிவரி ஓட்டுநருக்கான வழிகாட்டிகள் ஓர் ஒப்பீடு

டெலிவரி வண்டிகளுக்கு வழிகாட்டிக் கருவி வாங்கும் முடிவு பெரும்பாலும் அலுவலகக் கணினியின் முன்னால்தான் எடுக்கப்படுகிறது. எத்தனை வண்டிகள் எங்கே நிற்கின்றன, அறிக்கை எப்படி வருகிறது என்பவையே அங்கே பெரிதாகத் தெரியும். ஒரே நாளில் நூறு முறைகூட நிறுத்தி, இறங்கி, பார்சலைக் கொடுத்துவிட்டு மீண்டும் ஏறும் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால், அதே கருவிகளின் தரவரிசை வெகுவாக மாறிவிடும். இங்கே ஒப்பிடப்படும் நான்கையும் அந்த இருக்கையிலிருந்தே எடைபோடுகிறேன்: ஓட்டுநரின் சொந்தக் கைபேசி, லாரிகளுக்கென்றே செய்யப்பட்ட தனி ஜிபிஎஸ் கருவி, வண்டியின் டேஷ்போர்டில் பொருத்தப்பட்டே வரும் திரை, டெலிவரிப் பட்டியலோடு இணைந்த டேப்லெட்.

கைபேசியின் பலம் எல்லோரும் அறிந்ததே. போக்குவரத்து நெரிசல் உடனுக்குடன் தெரிகிறது. வரைபடம் தானே புதுப்பித்துக்கொள்கிறது. ஓட்டுநருக்குப் பழகிய செயலி என்பதால் பயிற்சியும் தேவைப்படுவதில்லை. ஆனால் இந்த வசதி காலை ஒன்பது மணிக்குத் தரும் நிம்மதியைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தருவதில்லை. முன்கண்ணாடியின் ஓரம் வெயிலில் நிற்கும் கைபேசி சூடேறித் திரையை மங்கச் செய்துகொள்ளும், சில நேரம் அணைந்தும் போகும். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பயன்படுத்தவே ஆப்பிள் பரிந்துரைக்கிறது. மூடிய வேனின் முன்பகுதி வெயில் காலத்தில் இந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, திருப்பம் வரும் நேரத்தில் வாடிக்கையாளரின் அழைப்பு வந்து வரைபடத்தின் மேல் அமர்ந்துகொள்கிறது.

இருப்பிடத் துல்லியத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் அலைகள் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால், வண்டி நிற்பது மேம்பாலத்தின் மேலா கீழா, பிரதான சாலையிலா அதை ஒட்டிய சர்வீஸ் சாலையிலா என்று கைபேசி குழம்பிப் போகும். டேஷ்போர்டில் பொருத்தப்பட்ட அமைப்பு சக்கரங்களின் வேகத்தையும், வண்டி திரும்புவதை உணரும் சுழல்மானி (கைரோஸ்கோப்) காட்டும் திசையையும் சேர்த்துக் கணக்கிடுவதால், சுரங்கப்பாதைக்குள் அலை அறுந்தாலும் வண்டி எங்கே நகர்கிறது என்பதை ஓரளவு தொடர்ந்து காட்டும். இது பழைய யோசனைதான். 1981-இல் ஹோண்டா வெளியிட்ட வழிகாட்டி, செயற்கைக்கோளே இல்லாமல் சுழல்மானியையும் ஓடிய தூரத்தையும் மட்டுமே நம்பி இயங்கியது.

கண்ணின் கணக்கை எந்த ஒப்பீட்டிலும் முன்னால் வைக்க வேண்டும் என்பேன். வண்டிக்குள் உள்ள திரைகளுக்காக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, ஒரு பார்வை சாலையை விட்டு விலகும் நேரம் சுமார் 2 வினாடிக்குள்ளும், ஒரு வேலையை முடிக்க ஆகும் மொத்தப் பார்வை நேரம் 12 வினாடிக்குள்ளும் இருக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 2 வினாடி என்பது ஏறத்தாழ 28 மீட்டர். மடியிலோ இருக்கைக்குப் பக்கத்திலோ கிடக்கும் கைபேசி இந்தச் சோதனையில் தோற்றுவிடும். கைபேசியை வண்டியின் திரையோடு இணைக்கும் கார்பிளே 2014-இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-இலும் வந்த பிறகு, கைபேசியின் புதிய வரைபடத்தையும் டேஷ்போர்டின் பெரிய திரையையும் ஒன்றாகப் பெற முடிகிறது. வண்டியின் சொந்த வரைபடத்தைப் புதுப்பிக்காமலே பல ஆண்டுகள் ஓட்டும் நிறுவனங்களுக்கு இந்த இணைப்பே நல்ல வழி.

கனரக லாரிகளுக்கு இதுவரை சொன்ன எதுவும் போதாது. கூகுள் மேப்ஸ் சாதாரணக் காருக்கான பாதையைத்தான் காட்டுகிறது. லாரியின் உயரத்தையோ எடையையோ அது கேட்பதில்லை. கார்மின், டாம்டாம் ஆகிய நிறுவனங்கள் லாரிகளுக்காகச் செய்யும் தனிக் கருவிகளில் உயரம், அகலம், நீளம், எடை, ஏற்றியிருக்கும் சரக்கின் தன்மை ஆகியவற்றைப் பதிந்துவிட்டால், தாழ்ந்த பாலங்களையும் எடை தாங்காத சாலைகளையும் தவிர்த்துப் பாதை கிடைக்கும். அமெரிக்காவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல உயரம் கொண்டிருந்த ரயில் பாலத்தில் லாரிகள் திரும்பத் திரும்ப மோதின. எச்சரிக்கைப் பலகைகளும் விளக்குகளும் இருந்தும் மோதல் நிற்காததால் 2019-இல் பாலத்தையே 8 அங்குலம் உயர்த்தினார்கள், அதன் பிறகும் மோதல்கள் நடந்தன. பாலத்தின் அருகே வந்த பிறகு தரும் எச்சரிக்கை, திரும்ப இடமில்லாத பெரிய வண்டிக்கு மிகவும் தாமதமானது. அந்தச் சாலைக்குள் நுழைவதற்கு முன்பே வேறு வழியைச் சொல்லும் கருவிதான் லாரி ஓட்டுநருக்கு உதவும். தனிக் கருவியின் குறை வேறிடத்தில் இருக்கிறது: ஒவ்வொரு முகவரியையும் ஓட்டுநரே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், நாளுக்கு நான்கு இடங்களுக்குப் போகும் லாரிக்கு அது பொருட்டில்லை, எண்பது இடங்களுக்குப் போகும் வேனுக்கு அது தாங்க முடியாத சுமை.

டெலிவரிப் பட்டியலோடு இணைந்த டேப்லெட் வெல்வது இங்கேதான். எந்த இடத்துக்கு முதலில் போவது என்பதும், அங்கே எப்படிப் போவது என்பதும் தனித்தனிச் சிக்கல்கள். பத்தே இடங்கள் என்றாலும் அவற்றை 36,28,800 வகையாக வரிசைப்படுத்தலாம். பொதுவான வழிகாட்டிச் செயலி இந்த முதல் சிக்கலைத் தொடுவதே இல்லை. அமெரிக்கப் பார்சல் நிறுவனமான யுபிஎஸ், நிறுத்தங்களின் வரிசையைக் கணிக்கும் ஓரியன் மென்பொருளை 2013 வாக்கில் பரவலாக்கத் தொடங்கியது; ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியை 2018-இல்தான் அதனோடு சேர்த்தது. தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சரக்கு இறக்கும் மேடைகளின் இடத்தையும் அப்போது வரைபடத்தில் ஏற்றினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் டெலிவரியில் நேரம் கரைவது கடைசி ஐம்பது மீட்டரில்தான். முகவரிக்கான புள்ளி கட்டடத்தின் நடுவில் விழுந்திருக்கும். வாயிற்கதவு பின் தெருவில் இருக்கும். வண்டி நிறுத்த இடம் இன்னொரு பக்கம் இருக்கும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பவர் அந்தப் பகுதிக்கு நாள்தோறும் போகும் ஓட்டுநர் மட்டுமே. அமேசானும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் 2021-இல் நடத்திய ஆய்வுப் போட்டியின் நோக்கமே, கணினி சொன்ன வரிசையிலிருந்து அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதை அவர்களுடைய பயணங்களிலிருந்து கற்றுக்கொள்வதாக இருந்தது. ஆகவே டேப்லெட் அமைப்புகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, நிறுத்தத்தின் புள்ளியை ஓட்டுநரே நகர்த்தி வைத்து "கதவு பின்பக்கம்" என்று குறிப்பு எழுத முடியுமா, நாளை அங்கே போகும் புதியவருக்கு அது தெரியுமா என்பதுதான். அந்த வசதி இல்லாத அமைப்பு, வேறு எத்தனை சிறப்புகள் இருந்தாலும், ஒவ்வொரு புதிய ஓட்டுநரையும் பழைய தவறையே செய்ய வைக்கும்.

டேப்லெட்டின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. அதே கருவிதான் ஓட்டுநர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்று அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கழிப்பறைக்கு நிறுத்திய ஐந்து நிமிடம் அறிக்கையில் சிவப்பாகத் தெரியும் என்றால், ஓட்டுநர் அந்தக் கருவியை உதவியாகக் கருத மாட்டார். கணினி சொன்ன தவறான வழியிலும் வாய் திறக்காமல் போவார். சொந்தக் கைபேசியில் நிறுவனத்தின் செயலியைப் போட்டால் இது இன்னும் மோசமாகும், ஏனெனில் வேலை முடிந்த பிறகும் அது கூடவே வீட்டுக்குப் போகிறது.

என் தேர்வு இதுதான். பல நிறுத்தங்கள் கொண்ட வேன்களுக்கு, பட்டியலோடு இணைந்து, டேஷ்போர்டுத் திரையிலேயே தெரியும் அமைப்பு. தட்டச்சு இல்லாமல் ஒரே தொடுகையில் அடுத்த நிறுத்தத்துக்குப் போக வேண்டும். கனரக லாரிகளுக்கு, வண்டியின் அளவை அறிந்து வழி சொல்லும் தனிக் கருவி. இரண்டு மூன்று வண்டிகள் மட்டுமே வைத்திருப்பவருக்கு, திரையோடு இணைத்த கைபேசியே போதும். வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் இரு அமைப்புகளை ஒரே தடத்தில் ஓட்டிப் பார்த்து, முடிவெடுப்பவர் ஒரு நாள் முழுவதும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர் எத்தனை முறை திரையைத் தொட்டார், எத்தனை முறை வழி தவறினார் என்று எண்ணிக்கொள்ளட்டும்.