ஒரே பாத்திரமா, ஆளுக்கொரு கிண்ணமா?

யாங்கோனில் எங்கள் தமிழ்ச் சபையில் கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பேச்சு ஓயவில்லை. இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில், ரசத்தை எதில் கொடுப்பது? எல்லாரும் குடிக்கும் ஒரே பாத்திரத்திலா, தனித்தனிக் கிண்ணத்திலா?

செலவு: பாத்திரம் ஒருமுறை வாங்கினால் பேரப்பிள்ளை காலம்வரை வரும். கண்ணாடிக் கிண்ணம் உடையும். பிளாஸ்டிக் என்றால் குப்பை.

வேலை: பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்து, சற்றுத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. கிண்ணங்களை அடுக்குவதும் கழுவுவதும் எப்போதும் அக்காமார் தலையில்தான்.

சுகாதாரம்: சந்தேகமே இல்லை, கிண்ணம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கச் சபைகளில் அது பரவியதே கிருமி பயத்தால்தான்.

பொருள்: இங்கேதான் சிக்கல். பைபிளில் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் (1 கொரிந்தியர் 10) அப்போஸ்தலர் பவுல், ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் பலரும் ஒரே உடல் என்கிறார். ஒரே பாத்திரம் இதைக் கண்முன்னே காட்டுகிறது. ஆனால் அடுத்த அதிகாரத்தில், சிலர் பசித்திருக்கச் சிலர் முந்திக்கொண்டு உண்டதைக் கண்டித்து, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். கடைசி வரிசைப் பாட்டியின் நடுங்கும் கைக்குக் கிண்ணம் போய்ச்சேரும்வரை எல்லாரும் காத்திருந்து ஒன்றாகக் குடிக்கிறோமே, அதுவும் அதே பொருள்தான்.

சின்னச் சபைக்குப் பாத்திரம். முதியோரும் இருமல்காரரும் அதிகமென்றால் கிண்ணம். அப்பத்தையாவது ஒன்றாக வைத்துப் பிட்டுக் கொடுங்கள். அப்புறம், ஆராதனை முடிந்து வரும் மோஹிங்காவுக்கு (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) மட்டும் எங்களில் யாரும் காத்திருப்பதில்லை!