‘லூஸ் ரீனல் ஃபுட்’ வாங்குகிறீர்களா? பூனை வளர்ப்பவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

எங்கள் வீட்டுப் பஞ்சுவுக்கு 13 வயது. சிறுநீரக நோய் என்று போன வருடம் தெரிந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் 2.6. இரண்டாம் நிலை, மூன்றாவதைத் தொடப் போகிறது என்றார் டாக்டர். பூனைக்கு இந்த நோய் வந்தால் போன சிறுநீரகம் போனதுதான்; மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். அதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. சிறுநீரகம் கெட்டால் பாஸ்பரஸ் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும், அதனால் சாப்பாட்டில் அதைக் குறைக்க வேண்டும். சாதாரண பூனை உணவில் பாஸ்பரஸ் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ‘ரீனல்’ என்று விற்கும் சிறுநீரக உணவில் அதில் ஏறக்குறைய பாதிதான். விலை மட்டும் நேர்மாறு.

அந்த விலைதான் இதை லூஸாக விற்கும் ஆட்களுக்கு மூலதனம். வாட்ஸப் குழு ஒன்றில் ஒருவர் ‘ரீனல் லூஸ், கிலோ 700’ என்று போட்டிருந்தார். சீல் பாக்கெட் விலையில் பாதிகூட இல்லை. கேட்டதற்கு, “பெரிய மூட்டையில வருதுக்கா, நாங்க பிரிச்சு பேக் பண்றோம், அதான் கம்மி” என்றார். கூடவே ‘கிரியேட்டினின் டிராப்ஸ்’ என்று 30 மில்லி பாட்டில் ஒன்று. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த டாக்டர் கொடுத்திருந்த பவுடரை நிறுத்திவிடச் சொன்னார், அது கெமிக்கலாம். நல்லவேளை, அதை நிறுத்தவில்லை.

பஞ்சு அந்தச் சாப்பாட்டை வெளுத்து வாங்கினாள். சிறுநீரக உணவை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போகிறவள், தட்டை நக்கித் துடைத்தாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் 4.2 இலிருந்து 6.9. இரண்டாம் நிலையில் அது 4.5-க்குள் இருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள், எடையும் இறங்கியிருந்தது.

சாப்பாட்டைக் கவரோடு கொண்டுவரச் சொன்னார் டாக்டர். அசல் உணவில் கொஞ்சம், எங்களுடையதில் கொஞ்சம், இரண்டையும் மேசையில் கொட்டினார். அசலில் எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். எங்களுடையதில் பழுப்பு உருண்டைகளுக்கு நடுவே சிவப்புச் சாயம் போட்ட மீன் வடிவங்கள். கவரில் ‘ரீனல்’ என்ற ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: ‘அடல்ட், ஓஷன் ஃபிஷ்’. காலாவதித் தேதி பேனாவால் எழுதியது. பேட்ச் எண்ணே இல்லை. டிராப்ஸ் பாட்டிலில் ‘100% மூலிகை’ என்பதைத் தவிர என்ன மூலிகை, யார் தயாரிப்பு, லைசென்ஸ் எண் என்ன, ஒன்றும் கிடையாது.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் “பழைய பேட்ச் மாறி வந்துடுச்சுக்கா.” படம் அனுப்பியதும், “பூனைக்கு வயசாயிடுச்சு, நாங்க என்ன பண்றது.” அப்புறம் பிளாக். பில் கேட்டபோதெல்லாம் ஜிபேயில் இருக்கிறதே என்று தட்டிக் கழித்திருந்தார். ஜிபே ரசீதில் தொகைதான் இருக்கிறது, என்ன பொருள் என்று இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்வதானால் பில் இருந்தால்தான் பேச்சு வலுவாக இருக்கும். கவரைத் தூக்கிப் போடாமல் படமாவது எடுத்து வையுங்கள்.

400 கிராம் பாக்கெட்டானாலும் கம்பெனி சீலோடு வாங்குங்கள். கிலோ கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான், ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று தெரியும். பூனை தொடவில்லை என்றால் பழைய உணவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறிவிடலாம், அது தனி ஆபத்து. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் பாஸ்பரஸும் கேட்டு வாங்குங்கள். அது பார்த்ததால்தான் எங்களுக்கு விஷயம் வெளியே வந்தது.

இப்போது பஞ்சு பழையபடி அசல் உணவுக்கு முகத்தைச் சுளிக்கிறாள். பாஸ்பரஸ் 5.1-க்கு இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும். அந்த ஆள் வேறு குழுவில், வேறு பெயரில் வந்துவிட்டார். இந்த முறை கிலோ 650. படத்தில் இருப்பது அதே கவர். பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பு மீன் தெரிகிறது.