ஏர்பேக் கோட் படிக்கும் ஸ்கேனர்: பழைய பிக்கப்காரரின் மதிப்பீடு

என் பழைய பிக்கப்பில் ஏர்பேக் விளக்கு அணைய மறுத்தது. கோளாறுக் குறியீட்டை, அதாவது கோட்டைப் படிக்கும் இந்தக் கைக்கருவியை வாங்கியதற்குக் காரணம் அதுதான்.

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில விநாடிகள் எரிந்து தானாக அணைய வேண்டும். ஏர்பேக் யூனிட், அதாவது பையை விரிக்க உத்தரவிடும் மின்னணுப் பெட்டி, தன் சுற்றுகளைச் சோதித்துப் பார்க்கும் நேரம் அது. அணையாமல் நின்றால் எங்கோ ஒரு சுற்று சரியில்லை, மோதும்போது பை விரியாமல் போகலாம் என்று பொருள். ஆனால் வண்டி எப்போதும்போல் ஓடும், பிரேக் பிடிக்கும், வழக்கமான சுமையை இழுக்கும். அதனால்தான் பலர் இந்த விளக்கோடு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இன்னும் சிலர் மீட்டர் போர்டைக் கழற்றி பல்பையே பிடுங்கிவிடுகிறார்கள். பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் அது நல்ல சேதி அல்ல.

கருவியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே கருவி நாலைந்து பெயர்களில், வேறு வேறு நிற உறையில் விற்கிறது. பெயரைவிட வகைதான் முக்கியம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, வண்ணத் திரை, பொத்தான்கள், வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (கோளாறுகளைப் படிப்பதற்கென்று இருக்கும் சாக்கெட்) செருகும் கேபிள். இன்ஜினோடு ஏபிஎஸ், ஏர்பேக் இரண்டையும் படிக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். நான் தொழிலால் எலக்ட்ரீஷியன், மெக்கானிக் அல்ல. அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்த்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். போனோடு புளூடூத்தில் பேசும் குட்டி அடாப்டர் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடமும் உண்டு. அதைச் செருகினால் 'கோளாறு எதுவும் இல்லை' என்று வரும். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அடாப்டர் பொய் சொல்லவில்லை. புகை சம்பந்தப்பட்ட கோட்களைப் பொதுவான முறையில் தர வேண்டும் என்பதுதான் ஓபிடி விதி; ஏர்பேக் யூனிட்டோடு பேசும் மொழி ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி. சாதாரண ஆப் இன்ஜினிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. அந்தந்தக் கம்பெனிக்கென்றே எழுதப்பட்ட சில ஆப்கள் ஏர்பேக்கையும் படிக்கும் என்பது வேறு விஷயம்.

பழைய வண்டி என்றால் இன்னொரு சிக்கல். புதிய வண்டிகள் எல்லாம் கேன் என்ற இணைப்பில் பேசுகின்றன, சாக்கெட்டில் 6, 14 ஆகிய பின்கள். 2008க்கு முந்தைய பல பிக்கப்களில் 7ஆம் பின்னில் ஒற்றைக் கம்பி, அல்லது 2ஆம் பின்னில் வேறொரு பழைய முறை. சிலவற்றில் ஏர்பேக் யூனிட் அந்த சாக்கெட் வழியாகப் பேசவே பேசாது. விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையை வைத்துத்தான் கோட் படிக்க வேண்டும். பல பழைய டொயோட்டாக்களில் 4, 13 ஆகிய பின்களை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் விளக்கு சிமிட்டிச் சொல்லிவிடும், ஸ்கேனரே வேண்டாம். கம்பி தவறி 16ஆம் பின்னில் பட்டால் அங்கே பேட்டரி நேராக நிற்கிறது, ஞாபகம் இருக்கட்டும். ஆகவே வாங்குவதற்கு முன் கருவி செய்பவரின் பட்டியலில் உங்கள் வண்டியின் ஆண்டு, மாடல், அதற்கு நேராக 'ஏர்பேக்' என்ற மூன்றும் இருக்கிறதா பாருங்கள். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற வாசகத்தை நம்ப வேண்டாம்.

என் பிக்கப்பில் கருவி தானாக வண்டியை அடையாளம் காணவில்லை. மெனுவில் நானே கம்பெனி, ஆண்டு, மாடல் என்று தேடிப் போனேன். ஏர்பேக் யூனிட்டைத் தொட்டது, ஒரு கோட் தந்தது: ஓட்டுநர் பக்க ஏர்பேக் சுற்றில் மின்தடை அதிகம். பக்கத்திலேயே 'தற்போது' என்ற குறிப்பு. இந்தச் சொல்லை அலட்சியம் செய்யாதீர்கள். பேட்டரி இறங்கியபோது எப்போதோ பதிவாகி நின்ற பழைய கோட்டும் உண்டு, இந்த நிமிடம் இருக்கும் கோளாறும் உண்டு; இரண்டையும் பிரித்துக் காட்டாத கருவியால் பாதிப் பயன்தான்.

இந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு ஒரு மெக்கானிக் சொன்னார்: "ஸ்டீயரிங் ஏர்பேக் போயிடுச்சுண்ணே, செட்டா மாத்திடலாம்." கோட் அப்படிச் சொல்லவில்லை. அது சொன்னது சுற்றை, பாகத்தை அல்ல. யூனிட்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டு வரை வயர், அங்கே ஒரு மஞ்சள் கனெக்டர், பிறகு சுற்றும் சக்கரத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங், அதற்கப்புறம் ஏர்பேக்கின் பின்னால் இன்னொரு கனெக்டர், கடைசியில்தான் ஏர்பேக்குக்குள் இருந்து பையை விரியவைக்கும் பற்றவைப்பான். இந்த வரிசையில் எது கெட்டாலும் அதே கோட்தான்.

கருவி தன் காசைச் சம்பாதித்தது இங்கேதான். அதில் 'லைவ் டேட்டா' என்று ஒரு பக்கம். ஓட்டுநர் ஏர்பேக் சுற்றின் மின்தடையை ஓம் கணக்கில் அப்படியே காட்டுகிறது. பற்றவைப்பானின் தடை பெரும்பாலும் 2 ஓம் பக்கம் இருக்கும். வயரும் கனெக்டரும் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். நான் ஸ்டீயரிங்குக்கு நேராக உட்காராமல், கதவுப் பக்கம் நின்று கையை நீட்டி, சக்கரத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் திருப்பினேன். நேராக இருக்கும்போது எண் ஒழுங்காக நின்றது. இடது பக்கம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஏறியது, பிறகு எண்ணே காணோம், அளவைத் தாண்டிவிட்டது என்ற குறி. திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தால் எண் திரும்பி வந்தது. அதே இடத்தில் ஹார்னை அழுத்திப் பார்த்தேன், சத்தம் இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லாமல் கிளாக் ஸ்பிரிங்.

தெரியாதவர்களுக்காக: ஸ்டீயரிங் சுற்றும், அதன் பின்னால் இருக்கும் தண்டின் உறை சுற்றாது. இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போக, தட்டையான நாடாக் கேபிள் ஒன்று பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அளவு டேப்பைப் போல் சுருண்டு கிடக்கிறது. சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் இறுகும், மறுபக்கம் தளரும். பல வருடம் இறுகித் தளர்ந்து ஒரு மடிப்பில் விரிசல் விடும். ஹார்ன், ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தான்கள் எல்லாம் அதே நாடா வழியாகத்தான் போகின்றன. ஹார்னும் ஏர்பேக் விளக்கும் சேர்ந்து மக்கர் செய்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகம் முழுக்கப் பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது அதில் பெரிய பங்கு இந்த நாடாவுக்குத்தான், டகோமா பிக்கப்பின் சில ஆண்டு வண்டிகளும் அதில் உண்டு.

'இதற்கு எதற்கு ஸ்கேனர், மல்டிமீட்டர் போதாதா' என்று என் தொழில்காரர்களே கேட்டார்கள். போதாது, கூடவும் கூடாது. பற்றவைப்பானைச் சுட 1 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே, மில்லி விநாடிக் கணக்கில் பாய்ந்தால் போதும். ஓம் அளக்கும் எந்த மீட்டரும் தன் பேட்டரியிலிருந்து மின்னோட்டத்தை அனுப்பித்தான் அளக்கிறது. எவ்வளவு அனுப்புகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பது அதைவிட மோசம். ஏர்பேக் யூனிட் தானே பாதுகாப்பான சிறு மின்னோட்டத்தில் ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. ஸ்கேனர் அந்த எண்ணை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, மஞ்சள் கனெக்டரைக் கழற்றியவுடன் உள்ளே ஒரு சிறு தகடு இரண்டு முனைகளையும் சேர்த்துவிடும், நிலைமின்சாரம் எதையும் சுடாமல் இருக்க. விஷயம் தெரியாமல் அங்கே மீட்டர் வைத்தால் ஷார்ட் என்று காட்டும், நீங்கள் இல்லாத கோளாறைத் தேடுவீர்கள்.

எல்லாப் பிக்கப்பிலும் கிளாக் ஸ்பிரிங்காக இருக்காது. இருக்கைக்கு அடியில் ஜாக்கி, ஸ்பானர், கயிறு என்று திணிக்கிற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. அங்கேதான் மோதும்போது சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பெல்ட் இறுக்கி, பக்க ஏர்பேக் இவற்றின் கனெக்டர்கள் தொங்குகின்றன. முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் மோதல் சென்சார் சேறும் தண்ணீரும் குடித்துத் துருப்பிடிக்கும். ஒற்றை வரிசை இருக்கை உள்ள பல பிக்கப்களில் பயணி ஏர்பேக்கை அணைக்கச் சாவித் துளை ஒன்று இருக்கும். அதற்கு எரியும் விளக்கு வேறு, அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

கிளாக் ஸ்பிரிங்கை நானே மாற்றினேன். உங்களுக்குக் கைப்பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள், இதில் வீராப்பு வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். டொயோட்டா 90 விநாடி என்கிறது, வேறு சிலர் 3 நிமிடம். யூனிட்டுக்குள் இருக்கும் மின்தேக்கி காலியாக வேண்டும், பேட்டரி இல்லாமலே பையைச் சுட அதில் சக்தி இருக்கிறது. கழற்றிய ஏர்பேக்கை முகப்பு மேலே பார்க்க வைக்க வேண்டும், கவிழ்த்து வைக்கவே கூடாது, வெடித்தால் பறக்கும். டயர்கள் நேராக இருக்க வேண்டும். புதிய கிளாக் ஸ்பிரிங் நடுவில் பூட்டப்பட்டு வரும், மாட்டும்வரை அந்தப் பூட்டை எடுக்கக் கூடாது. நடு தப்பினால் முதல் முழுத் திருப்பத்திலேயே நாடா அறுந்துவிடும். உடைக்கும் கடையிலிருந்து பழைய கிளாக் ஸ்பிரிங் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. அதன் நாடாவும் உங்களுடையதைப் போலவே வயதானதுதான்.

எல்லாம் மாட்டி, வண்டிக்குள் யாரும் இல்லாமல், ஜன்னல் வழியாகக் கைவிட்டுச் சாவியைத் திருப்பினேன். லைவ் டேட்டாவில் எண் இரண்டு ஓரத்துக்கும் அசையாமல் நின்றது. கோட்டை அழித்தேன், போனது, விளக்கு அணைந்தது. சரிசெய்யாமல் அழித்தால் உடனே திரும்பி வரும். ஒருமுறை மோதி ஏர்பேக் வெடித்த வண்டியில் யூனிட்டுக்குள் பதிவாகும் மோதல் தகவலை இந்த வகைக் கருவி அழிக்காது. அந்த யூனிட்டை அனுப்பினால் அழித்துத் தருகிறோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அனுப்ப மாட்டேன், புதியது போடுவேன்.

இனி குறைகள். பழைய ஒற்றைக் கம்பி இணைப்பில் லைவ் டேட்டா நத்தை வேகத்தில்தான் மாறும். ஸ்டீயரிங்கை வேகமாகச் சுற்றினால் இடைப்பட்ட அறுப்பைக் கருவி பார்க்கவே பார்க்காது, 'எல்லாம் சரி' என்று தோன்றும். கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, எண் மாறும்வரை காத்திருக்க வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கோட் விளக்கம் தந்தி வாசகம் மாதிரி ஒரே வரி. எந்த வயர், எந்த நிறம் என்பதற்கு சர்வீஸ் புத்தகம் தனியாக வேண்டும். வெயிலில் திரை தெரியாது. சொந்த பேட்டரி கிடையாது, வண்டி பேட்டரியைக் கழற்றியதும் அணைந்துவிடும், அதனால் படித்ததை முன்பே சேமித்துக்கொள்ள வேண்டும். அப்டேட் செய்யக் கம்ப்யூட்டர் தேவை.

கருவியால் முடியாத ஒன்று இவையெல்லாவற்றையும்விடப் பெரியது. விளக்கு அணைந்திருக்கிறது என்றால் மின்சுற்று சரி என்று மட்டும்தான் பொருள். தகாடா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக் விவகாரத்தில் கெட்டது, பையை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் இருந்த அம்மோனியம் நைட்ரேட். வெப்பத்திலும் ஈரத்திலும் வருடங்கள் போகப்போக அது மாறி, வெடிக்கும்போது உலோக உறையையே சிதறடித்தது. அதற்கு எந்த விளக்கும் எரியாது, எந்த ஸ்கேனரும் கோட் காட்டாது. 2006 ரேஞ்சர் பிக்கப்களில் சிலவற்றை ஓட்டவே வேண்டாம் என்று ஃபோர்டு 2018 ஜனவரியில் சொன்னது இதனால்தான். வண்டியின் 17 இலக்க எண்ணைக் கம்பெனியின் ரீகால் (திரும்ப அழைப்பு) பக்கத்தில் போட்டுப் பார்ப்பது தனி வேலை, ஸ்கேனர் வைத்திருந்தாலும் செய்ய வேண்டும்.

யார் வாங்கலாம்? வயதான வண்டி ஒன்றுக்கு மேல் வைத்திருப்பவர், அல்லது தன் வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். ஒரே ஒரு முறை கோட் படிக்க மட்டும் என்றால் நல்ல ஒர்க்‌ஷாப்பில் படித்துக்கொள்ளலாம், ஆனால் கோட்டோடு சேர்த்து லைவ் டேட்டாவையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியது இரண்டு: என் மாடலில் ஏர்பேக் யூனிட்டைப் படிக்குமா, லைவ் டேட்டாவில் சுற்றின் மின்தடையை எண்ணாகக் காட்டுமா. இரண்டாவதுக்குக் கடைக்காரர் 'கோட் அழிக்கும் சார்' என்று பதில் சொன்னால் வேறு கருவி பாருங்கள். கேபிள் நீளம் மட்டும் இன்னும் ஒரு முழம் இருந்திருக்கலாம். கதவுக்கு வெளியே நின்று திரையைப் பார்க்கக் கழுத்து வலிக்கிறது.