கூரையில் அலுமினியப் படகு: நாள்பட்ட பயன்பாட்டில் எது தாங்குகிறது, எது தளர்கிறது

10 முதல் 12 அடி நீள அலுமினியப் படகை வண்டிக் கூரையில் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரே ஆளாகத் தூக்க முடியுமா?" என்பதுதான். தூக்க வழி இருக்கிறது, கீழே வருகிறது. நாளாக ஆக வண்டியையும் படகையும் தின்பது கூரைமேல் மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் அசைவு. ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் அது அசைவை எவ்வளவு அடக்குகிறது என்பதை வைத்தே இங்கே மதிப்பிட்டிருக்கிறது.

எடையை விற்பனைத் தாளைப் பார்த்து நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் வெறும் ஓட்டின், அதாவது படகின் வெற்றுடலின், எடைதான் இருக்கும். துடுப்புத் தாங்கி, தரைப் பலகை, பின்பலகையில் மாட்டிய சக்கரங்கள் எல்லாம் சேர்ந்தால் 10 கிலோவுக்கு மேல் எளிதாகக் கூடும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினே போதும். முன்மூக்கை மெஷின்மேல் வைத்து, பின்பக்கத்தை அதே உயரக் கட்டையில் தாங்கவிட்டு அளவைக் குறியுங்கள். பிறகு மெஷினையும் கட்டையையும் இடம் மாற்றுங்கள். தாங்கும் இடங்கள் மாறாமல் இருந்தால் இரண்டு அளவின் கூட்டுத்தொகைதான் படகின் எடை. பழைய படகென்றால் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். இருக்கைக்கு அடியில் அடைத்த மிதவை நுரை வருடக்கணக்கில் நீர் குடித்திருந்தால், அது வெளியே தெரியாது, எடையில்தான் தெரியும்.

வண்டிக் கையேட்டில் உள்ள கூரைச் சுமை வரம்பு பல கார்களில் 75 கிலோ. சிலவற்றில் 50, பெரிய வண்டிகள் சிலவற்றில் 100. கேரியரின் எடையும் இதற்குள் அடக்கம். கேரியர் கம்பிக்குத் தனி வரம்பு, அதன் கால்களுக்குத் தனி வரம்பு என்றும் இருக்கும். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. கரடுமுரடான பாதை என்றால் கேரியர் தயாரிப்பாளர்கள் சிலர் தங்கள் எண்ணை 1.5-ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். அப்போது 75 என்பது 50 ஆகிவிடும். கடைசிவரை தார்ச்சாலை போட்ட நீர்க்கரை அபூர்வம் என்பதால் இந்தச் சின்ன எண்ணை வைத்தே படகைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 10 அடித் தட்டையடிப் படகுகளில் இலேசானவை இதற்குள் வந்துவிடும். 12 அடி V அடிப் படகு பல நேரங்களில் 60 கிலோவைத் தாண்டும். அதற்குக் கனரகக் கேரியர் வேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லர்.

கேரியரில் பார்க்கவேண்டிய முதல் விஷயம் இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கும் இடையே உள்ள தூரம். நீளச் சுமைக்கு 70 செ.மீ. குறைந்தபட்சம்; ஒரு மீட்டர் கிடைத்தால் படகு பக்கவாட்டில் ஆடுவது கண்கூடாகக் குறையும். கதவு இடுக்கில் கவ்வும் கால்களைவிட, கூரையிலேயே போல்ட் துளை உள்ள வண்டிகளில் பொருத்தும் கால்கள் நன்றாக நிற்கின்றன. எதுவானாலும் கால் பதியும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ரப்பருக்கு அடியில் சிக்கிய தூசி உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்த்துவிடும். போல்ட்டைக் கையேடு சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்கி, முதல் பயணம் முடிந்ததும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

கம்பிக்கும் படகுக்கும் நடுவில் என்ன வைப்பது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நீச்சல்குளத்து நுரைக் குழாய் முதல் நாள் அருமையாக இருக்கும். போகப்போக அமுங்கும், அமுங்கிய அளவுக்குப் படகைக் கட்டிய பட்டை தளரும், படகு ஆடத் தொடங்கும். தரைவிரிப்புத் துண்டு இன்னும் மோசம். உப்புநீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு காயவே காயாது, அதற்கு அடியில் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். கம்பி இரும்பாக இருந்தால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே அந்த உப்புநீர் அரிப்பை இன்னும் வேகமாக்கும். நாள்பட நின்றது ஈபிடிஎம் என்ற அடர்த்தியான செயற்கை ரப்பர் பட்டைதான். 5 மி.மீ. தடிமன் போதும். நீர் உறிஞ்சாது, வெயிலில் சீக்கிரம் வெடிக்காது.

படகைக் கவிழ்த்துத்தான் ஏற்றுகிறோம்; கம்பியில் உட்காரும் அதன் மேல்விளிம்பு பக்கவாட்டில் நகராமலிருக்க, கம்பியில் எல் வடிவத் தடுப்புக் கட்டை நான்கு வேண்டும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் இந்தக் கட்டை செய்யும் வேலையைச் செய்ய வைக்க முடியாது. கட்டையைப் படகுக்கு உள்பக்கமாக, விளிம்போடு ஒட்டி வையுங்கள். விளிம்பு வெறும் மடித்த தகடாக இருக்கும் படகுகளில் கம்பி படும் இடம் நாளடைவில் பள்ளம் விழும். தனி அலுமினியச் சட்டம் வைத்த விளிம்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வாங்கும்போதே விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படகைக் கட்டும் பட்டைக்கு 25 மி.மீ. பாலியெஸ்டர், கேம் பக்கிள் (பல்லால் பட்டையைக் கவ்வும் கொக்கி) வைத்தது. நைலான் நனைந்தால் நீளும். மழையில் கிளம்பினால் அரைமணியில் தொளதொள என்று ஆகிவிடும். கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் இந்த வேலைக்கு அதிகம். கைப்பிடியின் ஒரு கிளிக்கில் எவ்வளவு இழுக்கிறோம் என்பதே தெரியாது. விளிம்பு உள்வாங்கும், இல்லையென்றால் கேரியர் கம்பி வளையும். கேம் பக்கிளில் கைப்பலத்துக்கு மேல் இழுக்க முடியாது என்பதுதான் அதன் சிறப்பு. குறை, பற்களில் மணல் ஏறினால் வழுக்கும். ஆகவே நல்ல தண்ணீரில் அலசி, பற்களை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முறை மாட்டவேண்டும்.

பட்டை கம்பியைச் சுற்றும் இடம் விளிம்பை ஒட்டியே இருக்கட்டும். கம்பியின் நுனிவரை அகலமாக விரித்துக் கட்டினால், பட்டை உள்நோக்கி வழுக்கி அந்த அளவு தளர்ந்துவிடும். காற்றில் பட்டை ரீங்காரமிடுவதை நிறுத்த, ஒவ்வொரு பக்கமும் அரைத்திருப்பு முறுக்கி விடுங்கள். மிச்ச நுனியைக் கதவிடுக்கில் சொருகும் பழக்கம் வேண்டாம். மழைநீர் பட்டையைப் பிடித்துக்கொண்டே நேராக இருக்கைக்கு வந்துவிடும்.

இரண்டு பட்டை போதுமென்று முன்கயிற்றை விட்டுவிடுபவர்கள் நிறைய. படகைக் கவிழ்த்து, மூக்கு முன்பக்கம் பார்க்க வைத்துதான் ஏற்றுகிறோம். ஆனாலும் கண்ணாடியில் ஏறி வரும் காற்று படகின் குழிவுக்குள் புகுந்து தூக்கும். அந்த விசை வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும்: 80 கி.மீ. வேகத்தில் இருப்பது 110-இல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். முன்மூக்கிலிருந்து பானெட்டின் இரு பக்கத்துக்கும் தலைகீழ் V ஆக இரண்டு கயிறு, பின்பக்கமும் அப்படியே. முன்னால் கொக்கி இல்லாத வண்டிகளில், பானெட்டுக்கு அடியில் ஃபெண்டர் போல்ட்டில் பட்டை வளையம் மாட்டி, தேவைப்படும்போது வெளியே எடுத்துவிடலாம். பிளாஸ்டிக் பம்பரில் எதையும் கட்டாதீர்கள். முன்கயிற்றின் உபரி நுனி தொங்கவே கூடாது: சக்கரத்துக்கு அடியில் சிக்கினால் படகையே முன்னால் இழுத்துவிடும். இந்தக் கயிற்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. அது ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருப்பதால், துடிக்கத் தொடங்கினாலே மேலே ஏதோ தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கிளம்பி 10, 15 கி.மீ.யில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதை யாருக்காகவும் தவிர்க்க வேண்டாம்.

இனி ஏற்றுவது. முழு எடையையும் ஒரே நேரத்தில் தூக்கத் தேவையில்லை. படகைக் கவிழ்த்து வண்டிக்குப் பின்னால் நேராகக் கிடத்தி, மூக்கைத் தூக்கிப் பின்கம்பியில் சாய்க்க வேண்டும். பிறகு பின்பக்கத்தைத் தூக்கி முன்னே தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி எடை. மோட்டார் மாட்டும் பின்பலகைப் பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும். பின்கம்பியில் ரோலர் குழாய் இருந்தால் தள்ளுவது எளிது. இல்லாவிட்டால் ரப்பரே பிடித்துக்கொண்டு எதிராக வேலை செய்யும். கூரை பின்கம்பியைத் தாண்டி நீண்டிருந்தாலோ, பின்கதவுக்கு மேல் ஸ்பாய்லர் இருந்தாலோ மூக்கு அதில் இடிக்கும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பின்கொக்கியில் நிற்கும் தூண் வகை லோடர் தேவைப்படும். வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி) வைத்த லோடர்கள் முதுகுக்கு நல்லவைதான், ஆனால் கூரையில் நிற்கும் வகையென்றால் அதன் எடையும் கூரைக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிட்டு வாங்குபவர்கள் அதிகம். படகின் சமநிலைப் புள்ளியை ஒரு குழாய்மேல் வைத்துக் கண்டுபிடித்து, ஓட்டில் அழியாத மையால் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோடு இரண்டு கம்பிக்கும் நடுவே வந்து நின்றால் தள்ளுவதை நிறுத்தலாம்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது பக்கக்காற்றும் உயரமும். படகோடு சேர்த்த உயரத்தை அளந்து, ஸ்டியரிங் பக்கம் ஒட்டிவிடுங்கள். வாகன நிறுத்தத்தின் தடுப்புக் கம்பிக்கு முன்னால் மனக்கணக்கு வேலை செய்யாது. பின்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கலாம், எப்போது சிவப்புத் துணி கட்டவேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

மோட்டாரை ஒருபோதும் படகில் விட்டு ஏற்றாதீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எந்தப் பக்கமாகப் படுக்கவைக்கலாம் என்று மோட்டாரிலோ கையேட்டிலோ குறித்திருக்கும். மாற்றிப் போட்டால் எண்ணெய் சிலிண்டருக்குள் போகும். எந்த வகையானாலும் தலைப்பக்கம் கியர் பக்கத்தைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும், இல்லையென்றால் குழாயில் தங்கிய நீர் எஞ்சினுக்குள் இறங்கும். கார்புரேட்டரை வடித்துவிட்டு ஏற்றினால் வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்காது.

பயணம் முடிந்ததும் ரப்பர் பட்டையைத் தூக்கி, கம்பி பட்ட இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். கருப்பாக, மை போன்ற நுண்பொடி ஒட்டினால் அங்கே தேய்மானம் நடக்கிறது. ரிவெட் தலையைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிந்தாலும் அதே பொருள்: ரிவெட் தன் துளைக்குள் ஆடுகிறது. உறுதி செய்ய, படகை நிமிர்த்தி மூன்று நான்கு இடத்தில் கட்டை முட்டுக்கொடுத்து, உள்ளே 5 செ.மீ. நீர் விட்டு, வெளியே கசியும் ஒவ்வொரு இடத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். அதற்குமேல் நீர் விடாதீர்கள்; 5 செ.மீ.யிலேயே நீரின் எடை நூறு கிலோவைத் தாண்டிவிடும். கசியும் ரிவெட்டைப் பின்னால் கனமான இரும்பை அண்டக்கொடுத்துச் சுத்தியால் தட்டினால் பெரும்பாலும் இறுகும். அதே ரிவெட் மறுபடியும் கசிந்தால், ஒரு அளவு பெரிய ரிவெட்டுக்கு மாற்றிவிட்டு, அதற்கு நேரே வரும் குறுக்குக் கம்பியையும் சில செ.மீ. தள்ளி மாட்டுங்கள்.