குறைந்த விலை ஸ்பிரிங் மெத்தை: எங்கள் கருங்கல் ஊர் வீட்டில் யாருக்கு ஒத்துவந்தது, யாருக்கு வேண்டாம் என்றேன்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் குமரி மாவட்டத்துக்காரர்கள் பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கும் பொருட்களில் டிவி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் முடிந்த பிறகுதான் மெத்தையின் முறை வரும். அதையும் திரும்பிப் போகும் வாரத்தில், கடைக்காரர் காட்டியதில் தடித்ததாகப் பார்த்து வாங்கிப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவோம். நான் அயர்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். படுக்கை சரியில்லாவிட்டால் வயதான உடம்பு என்ன பாடுபடும் என்பதைத் தினமும் கண்ணால் காண்பவள். அதனால் இந்த முறை ஊருக்கு வந்ததும் மெத்தையையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து எல்லாச் செலவும் 20,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்பது கணக்கு. அந்தத் தொகைக்கு, ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் மெத்தையை நினைத்துப் பார்க்க முடியாது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன்பே ரப்பர் வெட்டப் போகிறவர்கள் நம் ஆட்கள். அந்தப் பாலில் செய்த மெத்தை அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு எட்டாத விலையில் விற்பது எனக்கு மனவருத்தம்தான். மிச்சம் இருந்தவை தென்னை நார் மெத்தை, ஃபோம் மெத்தை, பழைய பாணி ஸ்பிரிங் மெத்தை. இரண்டு பருவமழையும் பெய்து புழுங்கும் ஊர் இது. உள்ளே காற்றோடும் வெற்றிடம் உள்ள ஸ்பிரிங் மெத்தை, அதே விலை ஃபோமைப் போல முதுகில் சூடு ஏற்றாது. அதனால் அதையே நன்றாக ஆராய்ந்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

முதலில் போன நாகர்கோவில் கடையில் மனம் கசந்தது. "யாருக்கு அக்கா?" என்று கேட்ட விற்பனையாளர், "வயதானவர்களுக்கு" என்று நான் சொன்னதும் நேராக 'ஆர்த்தோ' என்று எழுதியிருந்த ஒரு மெத்தையிடம் கூட்டிப் போனார். பலகை போல இருந்தது. முதுகுவலிக்கு டாக்டர்கள் சொல்வது இதைத்தான் என்றார். எந்த டாக்டர் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. கட்டாந்தரை போலக் கடினமாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் பாதிப் பேருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினம் உள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். வலி கூடுதலாகக் குறைந்தது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான். ஒட்டிய பெயரைப் பார்த்து யாரும் பணம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தை ஒட்டிய தெருவில் ஒரு பழைய கடை. அங்கே விலை பேசுவதற்கு முன்பே கடைக்கார அண்ணன் குறுக்கே வெட்டிய மாதிரித் துண்டு ஒன்றை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். கடைகளில் 'போனல்' என்று சொல்லும் ஸ்பிரிங் அதுதான். மேலும் கீழும் அகன்று இடுப்பில் ஒடுங்கிய உடுக்கை வடிவம். 19-ஆம் நூற்றாண்டில் குதிரை வண்டி இருக்கைகளுக்குச் செய்த ஸ்பிரிங்கின் வழிவந்த வகை இது. அகன்ற சுற்றுகள் முதலில் இளகிக் கொடுக்கும். பாரம் கூடும்போது ஒடுங்கிய நடுப்பகுதி எதிர்த்து நிற்கும். வரிசைகளைச் சுருள் சுருளான மெல்லிய கம்பி பின்னிப் பிணைக்கிறது, சுற்றிலும் ஒரு தடித்த கம்பி சட்டமாக ஓடுகிறது. நடுவில் ஒரு ஸ்பிரிங்கைக் கட்டை விரலால் அழுத்தினேன். பக்கத்தில் இருந்த நாலும் கூடவே தலைகுனிந்தன. இந்த மெத்தையின் நல்லதும் கெட்டதும் அந்த ஓர் அழுத்தலில் தெரிந்துவிட்டது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால் உடம்பை ஒரேயடியாக அமுங்க விடாது, எழும்போது கீழிருந்து தள்ளிக் கொடுக்கும். ஆனால் ஒருவர் புரண்டால் அடுத்தவருக்கும் அது போய்ச் சேரும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பைக்குள் இருப்பதால் இந்த இழுப்பு குறைவு. 75க்கு 72 அங்குல அளவில் இரண்டுக்கும் அந்தக் கடையில் ஏறக்குறைய 10,000 ரூபாய் வித்தியாசம்.

ஸ்பிரிங்கின் மேல் இழைகளை அழுத்திச் செய்த தடித்த ஃபெல்ட், அதன்மேல் ஃபோம், அதன்மேல் பூத்தையல் போட்ட துணி. குறைந்த விலை மெத்தையில் கம்பெனிக்காரர்கள் கைவைக்கும் இடம் இந்த ஃபோம்தான். ஸ்பிரிங் ஏழெட்டு ஆண்டு தாங்கும் தரத்தில் இருந்தாலும் மேலே உள்ள மெல்லிய ஃபோம் அதற்கு முன்பே நசுங்கிவிடும். கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. வீட்டில் எப்படிப் படுப்பாரோ அப்படியே கால்மணி நேரமாவது படுத்துப் பார்க்க வேண்டும். அப்பாவையும் அம்மாவையும் நான் கூடவே கூட்டிப்போயிருந்தேன். பலர் பார்க்கப் படுப்பதா என்று அம்மா தயங்கினார். கடைக்கார அண்ணன் நடையை மறைத்து ஒரு திரையை இழுத்துவிட்டார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா மல்லாந்து படுப்பவர், 58 கிலோ. அவர் படுத்ததும் இடுப்புக்குக் கீழே என் கையை நுழைத்துப் பார்த்தேன். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை அவருக்குக் கடினம், நுழையவே இல்லையென்றால் மிருது. கொஞ்சம் முயன்றால் நுழைகிற அளவில் இருந்தது. 6 அங்குல போனல் மெத்தை அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது. முழங்கால் வலியோடு இரவில் எழுந்து கழிவறைக்குப் போகிறவர் அவர். உட்கார்ந்தால் ஆள் உள்ளே புதைகிற ஃபோமைவிட, விளிம்பில் கம்பிச் சட்டம் ஓடுகிற இந்த மெத்தையிலிருந்து எழுவது அவருக்கு எளிது.

அம்மாவின் கதை வேறு. நெஞ்செரிச்சல் இருப்பதால் இடப்பக்கம் சாய்ந்து படுப்பார். அது நல்ல பழக்கம், இரைப்பை அமிலம் மேலேறுவது அந்தப் பக்கத்தில் குறையும். ஆனால் பக்கவாட்டில் படுக்கும்போது உடம்பின் பாரம் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்குகிறது. அந்த இரண்டு இடமும் சற்று உள்ளே போக மெத்தை வழிவிட வேண்டும். போனல் வழிவிடாது. பத்து நிமிடத்தில், "மக்களே, தோள் மரத்துப்போகிறது" என்றார். அதே மெத்தையின்மேல் ஒன்றரை அங்குல மிருதுவான ஃபோம் விரிப்பு ஒன்றைப் போட்டு மறுபடி படுக்கவைத்தோம். அரைத்தூக்கமே போட்டுவிட்டார்.

இருவருக்கும் ஒரே பெரிய மெத்தை வாங்கும் எண்ணம் அங்கேயே மாறியது. எங்கள் கட்டில் 75க்கு 72. அதற்கு 75க்கு 36 அளவில் இரண்டு ஒற்றை மெத்தைகளை அடுத்தடுத்துப் போட்டால் ஒருவர் புரள்வது மற்றவருக்குத் தெரியாது, அம்மாவின் பக்கத்துக்கு மட்டும் விரிப்பும் போடலாம். நடுவில் இடைவெளி விழும், பார்க்க அழகாக இருக்காது என்று கடைக்காரர் சொன்னார். ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்கள் இருவரும் நன்றாகத் தூங்கினால் எனக்குப் போதும். மெத்தை இரண்டும் 14,000 ரூபாய், விரிப்பு 2,400. பாக்கெட் ஸ்பிரிங் கொடுக்கும் வசதியில் முக்கால்வாசி இதிலேயே கிடைத்துவிட்டது என்பது என் கணிப்பு.

இதைக் கேள்விப்பட்ட என் உடன்பிறந்த அண்ணன் தனக்கும் இதையே வாங்கிவிடலாம் என்றான். வேண்டாம் என்று தடுத்தேன். அண்ணன் 100 கிலோவுக்கு மேல். அந்த எடை ஏறினால் ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள மெல்லிய ஃபோம் முழுக்க அமுங்கி ஸ்பிரிங் முதுகில் குத்தும், நடுவில் பள்ளமும் சீக்கிரம் விழும். கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிந்துகொண்டே போகும் என்பதைக் கனத்த உடம்புக்காரர்கள் நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அதோடு அண்ணன் மனைவி, எங்கள் மைனிக்கு லேசான தூக்கம், நடுவில் கைக்குழந்தை வேறு. அண்ணன் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் இரண்டு பேர் விழித்துக்கொள்வார்கள். இன்னும் ஆறு மாதம் பணம் சேர்த்து 8 அங்குலப் பாக்கெட் ஸ்பிரிங் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். குப்புறப் படுக்கும் அவர்கள் மூத்த மகனுக்கு இந்த போனலே தாராளம், இடுப்பு கீழே தொங்காமல் தாங்கும். தலையணை மட்டும் தட்டையாக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா, படுத்த படுக்கையாக இருக்கும் தன் மாமியாருக்கும் இதே மெத்தையைச் சொல்லிவிடும்படி கேட்டார். கட்டாயம் கூடாது என்றேன். எழ முடியாமல் படுத்திருப்பவருக்குச் சாதாரண ஸ்பிரிங் மெத்தையில் முதுகுத்தண்டின் அடியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். காற்று மாறி மாறி நிரம்பும் ஏர் பெட் வேண்டும். அது இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதை விடக் கூடாது. மார்த்தாண்டத்தில் மருத்துவ உபகரணக் கடையொன்றில் மாத வாடகைக்கே கிடைத்தது. அன்று மாலையே வாங்கி வந்து, மோட்டார் ஓடுவதையும் குழாய் மடங்காமல் இருப்பதையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.

மெத்தை வருவதற்கு முன்பு கட்டிலைச் சரிசெய்தோம். அயினி மரத்தில் தாத்தா செய்துவைத்த கட்டில், உயரம் 18 அங்குலம். அதில் 6 அங்குல மெத்தை ஏறினால் அப்பா உட்காரும்போது பாதம் தரையில் படாது, நுனிவிரலில் ஊன்றி எழ வேண்டியிருக்கும். முதியவர்கள் விழுவது இப்படித்தான். உள்ளூர் ஆசாரியை அழைத்துக் காலில் நான்கு அங்குலம் குறைக்கச் சொன்னேன். பழைய மரத்தில் வாள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். மெத்தையைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான ரீப்பர்களுக்கு நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இடையிடையே புது ரீப்பர் அடித்து, நடுவில் ஒரு தாங்குகாலும் கொடுத்தார். அடித்தளம் வளைந்தால் எவ்வளவு விலை கொடுத்த மெத்தையும் வளையும். கூலியும் மரமும் சேர்த்து 1,800 ரூபாய்.

குட்டியானை என்கிற சின்ன லாரியில் மெத்தை வந்த அன்று நல்ல மழை. ஒரு மெத்தையின் மூலையில் பிளாஸ்டிக் கிழிந்து துணி நனைந்திருந்தது. வெயிலில் போட்டால் காய்ந்துவிடும் என்றார்கள் கொண்டுவந்தவர்கள். உள்ளே ஃபெல்ட்டில் இறங்கிய ஈரம் சீக்கிரம் காயாது. அதை இறக்க விடாமல் கடைக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையில் வேறொன்று வந்து சேர்ந்தது, வண்டி வாடகை கேட்கவில்லை. சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய நிம்மதி.

பிளாஸ்டிக் உறையை உடனே கழற்றிவிடுங்கள். மெத்தை அழுக்காகிவிடும் என்று ஆண்டுக்கணக்கில் உறையோடே படுக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். வேர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளே பூஞ்சை பிடிக்கும், ஸ்பிரிங்கில் துருவும் ஏறும். குளச்சலில் கடலை ஒட்டியிருக்கும் பெரியம்மா வீட்டு மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன். அடித்துணியில் வட்ட வட்டமாகப் பழுப்புக் கறை, வரிசை பிசகாமல். திரும்பிப் படுத்தால் கிறீச்சென்று சத்தம். உப்புக் காற்று நேராக அடிக்கும் வீடுகளுக்கு நான் ஸ்பிரிங்கைச் சொல்லமாட்டேன். ரப்பர் சேர்த்த தென்னை நார் மெத்தையே அங்கே நீடிக்கும்.

வாரண்டி அட்டையை அப்பா பெயரிலும் அப்பாவின் கைப்பேசி எண்ணிலும் எழுதி, கடை முத்திரை போட்டு வாங்கினேன். நம் அயல்நாட்டு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனால், பழுது பார்க்க வருகிறவர் இந்தியாவில் யாரை அழைப்பார்? கறை படிந்த மெத்தைக்கு வாரண்டி கொடுக்கமாட்டார்கள் என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. அதனால் துவைக்கக்கூடிய பருத்தி உறை இரண்டு தைத்துப் போட்டிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிப் போடும் பொறுப்பு அண்ணனுக்கு.

பழைய இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி எறிய அம்மா சம்மதிக்கவில்லை. திங்கள்சந்தையில் பஞ்சு அடித்துத் தைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் கொடுத்தோம். தூசி தட்டி, கட்டியான பஞ்சைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் தலையணைகள் தைத்துக் கொடுத்தார். அண்ணன் மகனுக்கென்று ஒன்றைத் தட்டையாகத் தைக்கச் சொல்லி வாங்கி வந்தேன்.