மெட்டு உங்களுடையது, கோப்பு எங்களுடையது: உலாவியில் இசையமைப்போருக்கு ஓர் எச்சரிக்கை

உலாவியிலேயே திறந்து மெட்டமைக்கக்கூடிய ஓர் இசைக் கருவிக்கு ஆண்டுச் சந்தா செலுத்திய பிறகுதான், அதில் போட்ட மெட்டுகளைச் சிதையாமல் வெளியே எடுக்க வழியில்லை என்பதும், அவற்றுள் ஒரு பாடலின் மீது முன்பின் அறியாத ஒருவர் உரிமை கோரியிருக்கிறார் என்பதும் அடுத்தடுத்துத் தெரியவந்தன. நிறுவனத்துடனான கடிதப் போக்குவரத்து இன்னும் முடியாததால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அது செயல்படும் விதத்தை விரிவாகச் சொன்னால், இதே விதத்தில் செயல்படும் வேறு கருவிகளையும் பணம் கட்டுவதற்கு முன்பே நீங்கள் இனங்கண்டுகொள்ளலாம்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மெட்டுப் போடும் வரையில் அந்தக் கருவியில் குறை சொல்ல ஏதுமில்லை. மற்றவர்கள் எழுதித் தரும் வரிகளுக்கு மெட்டமைப்பது என் வழக்கம். தத்தகாரமாக முணுமுணுத்ததை உடனுக்குடன் கட்டங்களில் இட்டுக் கேட்பதற்கும், ஒவ்வொரு சுரத்தின் கீழும் அதற்குரிய அசையை எழுதிப் பார்ப்பதற்கும், குறில் விழ வேண்டிய இடத்தில் நெடில் விழுந்து இழுபடுகிறதா என்று சரிபார்ப்பதற்கும் அது மிக வசதியாக இருந்தது. ஒலியை உலாவிக்குள்ளேயே உருவாக்கும் வெப் ஆடியோ தொழில்நுட்பம் 2021-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முறையான பரிந்துரையாக ஏற்கப்பட்டு, இன்று முக்கிய உலாவிகள் அனைத்திலும் இயங்குவதால், எதையும் நிறுவாமலேயே இவ்வளவும் செய்ய முடிகிறது. கருவியின் முகப்பில் மூன்று உறுதிமொழிகள் பெரிய எழுத்தில் இருந்தன: என்றும் இலவசம், உங்கள் மெட்டு உங்களுக்கே, முழுமையான மிடி ஏற்றுமதி.

இலவசம் என்பது போடுவதற்கு மட்டுமே என்பது ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தியபோது தெரிந்தது. பொத்தான் கோப்பைத் தருவதற்குப் பதிலாகக் கட்டணப் பக்கத்தைத் திறந்தது. மாதக் கட்டணம் கண்ணைப் பறிக்கும் அளவிலும், அது ஆண்டு முழுவதற்கும் ஒரே தவணையாகப் பிடிக்கப்படும் என்பது அதன் கீழே வெளிர்சாம்பல் நிறத்திலும் அச்சாகியிருந்தன. இது இன்று எல்லாரும் செய்யும் தந்திரம் என்பதால் இதைப் பற்றி மேலும் பேசப் போவதில்லை. பணம் கேட்பதில் தவறில்லை. பணம் வாங்கிக்கொண்டு எதைக் கொடுத்தார்கள் என்பதே என் புகார்.

மிடி என்பது ஒலி அன்று. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாகத் தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்ற கட்டளைகளின் வரிசையே அது. 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வந்த இந்தத் தரம், 1988-இல் கோப்பு வடிவமும் பெற்றது. அதனால்தான் ஒரு மென்பொருளில் போட்ட மெட்டை முற்றிலும் வேறான இன்னொரு மென்பொருளில் திறந்து, வாத்தியங்களை மாற்றி, பின்னணி சேர்த்து, பதிவுக்குக் கொண்டுபோக முடிகிறது. மெட்டமைப்பவருக்கு எம்பி3 கோப்பு வெறும் நகல். மிடி கோப்புதான் மூலப்படி.

நான் பதிவிறக்கிய கோப்பைப் பின்னணி இசை அமைப்பவருக்கு அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டு, “பல்லவி எடுப்பிலேயே நடை தடுக்குகிறதே, வேண்டுமென்றுதான் அப்படிப் போட்டீர்களா?” என்று கேட்டார். பல்லவி திஸ்ர நடையில், ஓர் அடிக்கு மூன்று சம அசைகளாக நடக்க வேண்டியது. கருவிக்குள் அப்படித்தான் ஒலித்தது. கோப்பில் அப்படி இல்லை. கோப்பிலுள்ள கட்டளைகளை வரிசையாகக் காட்டும் நிகழ்வுப் பட்டியலைத் திறந்து எண்களைப் பார்த்ததும் காரணம் புலப்பட்டது. அந்தக் கோப்பில் ஓர் அடி 480 துகள்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. மூன்று சம அசைகள் 0, 160, 320 ஆகிய இடங்களில் தொடங்க வேண்டும். ஏற்றுமதி செய்யும்போது கருவி எல்லாச் சுரங்களையும் அடியின் நான்கில் ஒரு பங்கான 120-இன் மடங்குகளுக்கு நகர்த்தி ஒட்டியிருந்தது. ஆகவே அவை 0, 120, 360 என்று மாறியிருந்தன. சமமாக நடக்க வேண்டிய மூன்று அசைகளில் நடுவில் உள்ளது மட்டும் மற்ற இரண்டைப் போல இரு மடங்கு நீண்டுவிட்டது. குறிலாக எழுதப்பட்ட எழுத்து நெடிலாகப் பாடப்படும் நிலை. பாடல் முழுவதிலும் இதே கதை.

அடுத்தது கமகம், அதாவது சுரங்களை அசைத்தும் வழுக்கியும் இசைப்பது. மிடியில் சுரங்கள் 0 முதல் 127 வரையிலான எண்கள். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அரைச்சுர இடைவெளி. ஆகவே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதையும், ஒரு சுரத்தின் மேலேயே அசைவதையும் பிட்ச் பெண்ட் என்னும் தனிக் கட்டளையால்தான் குறிக்க முடியும். அந்தக் கட்டளைக்கு 16,384 படிகள் உண்டு. வளைவை நுணுக்கமாக எழுத அது போதும். கருவியின் திரையில் நான் வரைந்த வளைவுகள் அழகாகத் தெரிந்தன, ஒலித்தன. கோப்பிலோ ஒரு பெண்ட் கட்டளைகூட இல்லை. பிட்ச் பெண்ட் ஒரு சானலில், அதாவது கட்டளைகள் செல்லும் ஒரு தனி வழியில், ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும் என்பதால் மெட்டையும், சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களான கார்டுகளையும் தனித்தனிச் சானல்களில் எழுத வேண்டும். மொத்தம் 16 சானல்கள் இருக்கின்றன. இவர்களோ எல்லாவற்றையும் ஒரே சானலில் கொட்டிவிட்டு, அதனால் வரும் குழப்பத்தைத் தவிர்க்க வளைவுகளையே நீக்கியிருக்கிறார்கள் என்றே ஊகிக்கிறேன். கமகம் போன பின் எஞ்சியதை ஹார்மோனியக் கட்டைகளில் ஒற்றை விரலால் வாசிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுரங்கள் சரிதான், ராகத்தைத்தான் காணோம்.

அசைகளும் வரவில்லை. மிடி கோப்புத் தரத்தில் பாடல் வரிகளுக்கென்றே தனி நிகழ்வு வகை இருக்கிறது என்பதால் இதற்குத் தொழில்நுட்பச் சாக்கும் கிடையாது.

இவ்வளவையும் எண்களோடும் திரைப்பிடிப்புகளோடும் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். முதலில் வந்தது தானியங்கி பதில். உலாவியைப் புதுப்பிக்கச் சொன்னது. மீண்டும் எழுதியபோது, “தாங்கள் குறிப்பிடும் நுண்ணிய வெளிப்பாடுகள் எங்கள் உயர்நிலைத் திட்டத்தில் திட்டக் கோப்பாகக் கிடைக்கும்” என்று ஒருவர் பதில் அனுப்பினார். திட்டக் கோப்பு என்று அவர்கள் சொல்வது அவர்களது கருவியில் மட்டுமே திறக்கும் கோப்பு. மேலும் பணம் கட்டினாலும் மெட்டு அந்த மதிலைத் தாண்டாது என்பதுதான் அந்தப் பதிலின் பொருள்.

உரிமைக் கோரிக்கை வந்தது இதற்குப் பிறகு. கருவியில் மெட்டு முன்மொழியும் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்துபவருக்காக ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படுவதாக அதன் அருகிலேயே எழுதியிருந்தது. பல்லவியும் சரணமும் நானே போட்டவை. அவற்றுக்கு நடுவே வரும் சிறிய இடையிசைக்கு மட்டும் அந்தப் பொத்தான் தந்த ஒரு சங்கதியை எடுத்து, கருவியின் ஒலியிலேயே வைத்திருந்தேன். பாடலை யூடியூப்பில் ஏற்றியதும் கன்டென்ட் ஐடி வழியாக, அதாவது ஏற்றப்படும் ஒலியை உரிமையாளர்கள் பதிந்துவைத்த ஒலிகளோடு ஒப்பிடும் அதன் தானியங்கி முறை வழியாக, ஒரு கோரிக்கை வந்தது. பொருந்துவதாகக் காட்டப்பட்ட நேரப் பகுதி அந்த இடையிசையின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சந்தேகப்பட்டு, வேறொரு மின்னஞ்சலில் புதுக் கணக்கு திறந்து, அதே சுரவரிசையையும் அதே வேகத்தையும் தேர்ந்து பொத்தானைச் சில முறை அழுத்தினேன். அதே சங்கதி, ஒரு சுரமும் மாறாமல் வந்து நின்றது. புதிதாக உருவாக்குவதாகச் சொல்லி, கையிருப்பில் உள்ள துணுக்குகளைச் சுழற்சியில் எல்லாருக்கும் விநியோகிக்கிறார்கள். இன்னொரு பயனாளர் தம் பாடலில் அதையே அதே ஒலியோடு பயன்படுத்தி, முந்திக்கொண்டு பதிந்துவிட்டார்; ஒலியின் கைரேகையை ஒப்பிடும் எந்த முறையும் இரண்டையும் ஒன்றென்றே சொல்லும். பலருக்கும் பொதுவாக உரிமம் தரப்பட்ட லூப்புகளை, அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் துணுக்குகளை, கன்டென்ட் ஐடியில் அடையாளக் கோப்பாகப் பதியக் கூடாது என்பது விதி. தாம் பெற்றது பொதுத் துணுக்கு என்றே அந்தப் பயனாளருக்கும் சொல்லப்படவில்லை என்பதால், அவர்மீது எனக்குக் கோபமில்லை. மறுப்புத் தெரிவித்தால் பதிலளிக்க அவருக்கு 30 நாள்கள் உண்டு, அதையும் செய்திருக்கிறேன்.

நிறுவனத்திடம் இதைக் கேட்டபோது, பயன்பாட்டு விதிகளின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பத்தியை வெட்டி அனுப்பினார்கள். முன்மொழிவுப் பொத்தானால் கிடைக்கும் எதற்கும் பயனாளருக்குத் தனியுரிமை கிடையாது. வணிகப் பயன்பாட்டு அனுமதியும் சந்தா நடப்பில் இருக்கும் வரைதான். உங்கள் மெட்டு உங்களுக்கே என்ற முகப்பு வரிக்கு நேர் எதிரான இந்தப் பத்தி, கணக்குத் தொடங்கும் இடத்திலோ பொத்தானின் அருகிலோ எங்கும் சொல்லப்படவில்லை. நானே போட்ட பல்லவிக்கு என் உரிமை எங்கும் போகாது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில் பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் நிபந்தனையாகாது. ஆனால் தகராறு என்று வந்தால் எப்போது படைத்தேன் என்று காட்ட வேண்டும். நாள் குறிப்போடு கூடிய திட்டக் கோப்புகள் அவர்களது வழங்கியில் (சர்வரில்) கிடக்கின்றன. சந்தாவை நீக்கினால் அவற்றைத் திறந்து கேட்கலாமே ஒழிய வெளியே எடுக்க முடியாது.

இலவசக் கணக்கில் இருப்பவர்களின் நிலை இதைவிட மோசம். பச்சை நிறத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று தோன்றும் அறிவிப்பு, அவர்கள் விஷயத்தில் உலாவியின் உள்சேமிப்பை மட்டுமே குறிக்கிறது. தளத் தரவுகளை அழித்தால் மெட்டும் அழியும். சஃபாரி உலாவியோ, 2020 முதல், ஒரு தளத்தில் நீங்கள் எதையும் தொடாமல் உலாவியைப் பயன்படுத்திய 7 நாள்கள் கடந்தால், அந்தத் தளம் இவ்வாறு சேமித்தவற்றைத் தானாகவே நீக்கிவிடும்.

எந்தக் கருவியாக இருந்தாலும், அதில் முழுப் பாடல் போடுவதற்கு முன் சோதனைக்காக ஒரு துணுக்கை மட்டும் போடுங்கள். அதில் திஸ்ர நடையில் ஓர் அடி, வழுக்கிச் செல்லும் ஒரு சுரம், அசையோடு கூடிய இரண்டு சுரங்கள் இருந்தால் போதும். அதை மிடியாக எடுத்து, நிகழ்வுகளைப் பட்டியலாகக் காட்டும் வேறொரு மென்பொருளில் திறந்து, நான் மேலே சொன்ன எண்களைச் சரிபாருங்கள். சோதனைக்குக்கூட ஏற்றுமதி தராத கருவி என்றால் அதுவே பதில். முன்மொழிவுப் பொத்தான் தரும் சங்கதியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், சுரங்களை மாற்றி, வேறு வாத்தியத்தில் புதிதாக வாசித்துப் பதியுங்கள். மெட்டு முடிந்த அன்றே அதைக் குரலில் பாடிப் பதிந்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்; நாள் குறிப்பு அதிலேயே இருக்கும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்து, சந்தாக் காலத்தை நீட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஏற்காமல், கட்டணத்தை மறுத்து வங்கியில் விண்ணப்பித்திருக்கிறேன். வாக்குறுதி அளிக்கப்பட்டதற்கு ஆதாரம் கேட்டது வங்கி. அதற்குள் முகப்பில் இருந்த ‘முழுமையான மிடி ஏற்றுமதி’ என்ற வரியிலிருந்து முதல் சொல்லை நீக்கிவிட்டார்கள். நல்லவேளையாக, பணம் கட்டியபோது வந்த ரசீது மின்னஞ்சலில் அந்தச் சொல் அப்படியே இருந்தது, அதைத்தான் இணைத்திருக்கிறேன். உங்களிடமும் அத்தகைய ரசீது இருந்தால் அழித்துவிடாதீர்கள். சந்தா வாங்கப் போகிறவர்கள், கட்டணப் பக்கத்தையும் விதிகள் பக்கத்தையும் பிடிஎஃப்பாகச் சேமித்துக்கொண்ட பிறகே அட்டை எண்ணைத் தட்டுங்கள்.